பிடிக்கவில்லை என்றவர் எழுந்து போகவில்லை

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, ஒரு மடிக்கணினியில் முழுப் பாட்டையும் தனியாளாகக் கட்டி முடிக்கிற உங்கள் எல்லோருக்கும்தான் இந்த மடல். உங்களில் சிலர் எனக்குப் பாட்டு அனுப்புகிறீர்கள். அனுப்பாதவர்களின் பாட்டையும் நான் தேடிக் கேட்கிறேன். டேப் காலத்தில் சென்னையில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக்கூடத்தில் உதவியாளாகப் பல வருடம் இருந்தவன் நான். அன்று நாங்கள் ஒரு வாரம் மல்லுக்கட்டியும் கிடைக்காத துல்லியம் இன்று உங்களுக்கு ஒரே ராத்திரியில் கிடைத்துவிடுகிறது. கேட்கும்போது மனசு நிறைகிறது.

ஒன்றே ஒன்றுதான் உறுத்துகிறது. மெட்டு, வரி, குரல், வாத்தியம், மிக்ஸிங் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். இரண்டு பெயர் இருந்தால் விசாரிக்கிறேன். அந்த இருவரும் ஒரு நாள்கூட ஓர் அறையில் சேர்ந்து உட்கார்ந்ததில்லை என்கிறார்கள். ஒருவர் கோப்பை அனுப்ப, இன்னொருவர் தன் பங்கைப் பாடித் திருப்பி அனுப்ப, 'சூப்பர்' என்று ஒரு பதில். பாட்டு முடிந்துவிட்டது. 'இது எனக்குப் பிடிக்கலை' என்று சொல்ல அங்கே ஆளே இல்லை. தப்பித் தவறி ஒருவர் சொல்லிவிட்டால், அடுத்த பாட்டுக்கு அவருக்கு அழைப்பு வருவதில்லை.

அதனால் ஒரு பாட்டு பிறந்த கதையை உங்களிடம் சொல்ல ஆசைப்படுகிறேன். 1975இல் வந்த சாஃப்ட் ராக் பாட்டு. பெயர் 'ஐ ஆம் நாட் இன் லவ்'. டென் சிசி என்ற ஆங்கிலேயக் குழுவினுடையது. நீங்கள் எங்காவது கேட்டிருப்பீர்கள். 2014இல் வந்த 'கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி' படத்திலும் வருகிறது. மேகம் போல ஒரு குரல் கூட்டம் பின்னால் மிதந்துகொண்டே இருக்கும். அந்த மேகத்தை எப்படிச் செய்தார்கள் என்பதில்தான் நான் உங்களிடம் சொல்ல நினைப்பது முழுவதும் இருக்கிறது.

முதலில் அந்த நான்கு பேர். எரிக் ஸ்டூவர்ட் பாடுவார், கிட்டார் வாசிப்பார். அதைவிட முக்கியம், ஒலிப்பதிவு மேஜையில் உட்கார்ந்தால் அவர் கை பேசும். கிரஹாம் கோல்ட்மன் பாட்டு எழுதுகிறவர். டென் சிசி தொடங்குவதற்கு முன்பே யார்ட்பேர்ட்ஸ், ஹாலீஸ் போன்ற பெரிய குழுக்கள் அவருடைய பாட்டுகளைப் பாடிப் பேர் வாங்கியிருந்தன. கெவின் காட்லி டிரம்ஸ். லோல் கிரீம் கிட்டாரும் கீபோர்டும். இவர்கள் இருவரும் ஓவியக் கல்லூரியில் படித்தவர்கள், ஒட்டிக்கொண்டு திரிந்த நண்பர்கள். பாட்டு எழுதும்போது பெரும்பாலும் ஸ்டூவர்ட்டும் கோல்ட்மனும் ஒரு ஜோடி, காட்லியும் கிரீமும் இன்னொரு ஜோடி. முதல் ஜோடிக்கு, கேட்டவுடன் வாயில் ஒட்டிக்கொள்ளும் மெட்டு வேண்டும். இரண்டாவது ஜோடிக்கு, இதுவரை யாரும் செய்யாதது வேண்டும். நான்கு பேருக்கும் பாடத் தெரியும், எழுதத் தெரியும். சண்டைக்கு எப்போதும் குறைவிருக்காது என்று நீங்களே ஊகிக்கலாம்.

இடம், மான்செஸ்டருக்குத் தெற்கே ஸ்டாக்போர்ட். அங்கே ஸ்ட்ராபெரி ஸ்டூடியோஸ் என்று ஒரு கூடம். பீட்டில்ஸ் பாட்டு ஒன்றின் நினைவாக வைத்த பெயர். நல்ல பதிவு வேண்டுமானால் லண்டனுக்குத்தான் போகவேண்டும் என்றிருந்த காலத்தில், ஸ்டூவர்ட் தன் பணத்தைப் போட்டுப் பங்குதாரராகச் சேர்ந்து, சொந்த ஊர்ப்பக்கம் வளர்த்த இடம் அது. கோல்ட்மனும் பிறகு பங்குதாரர் ஆனார். 1970இல் டிரம்ஸ் ஒலியை எப்படிப் பதிவு செய்வது என்று ஸ்டூவர்ட், காட்லி, கிரீம் மூவரும் அங்கே சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்ததிலிருந்து 'நியாண்டர்தால் மேன்' என்ற பாட்டே முளைத்து, பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை போனது. பின்பு அமெரிக்கப் பாடகர் நீல் செடாகா அங்கே வந்து பதிவு செய்தபோது, நால்வரும்தான் அவருக்குப் பின்னணி வாசித்தார்கள். ஆக, நான் சொல்லும் பாட்டுக்கு முன்பே இவர்கள் வருடக்கணக்காக ஒரே கூரையின் கீழ் அடுத்தவர் பாட்டுக்கு உழைத்துப் பழகியவர்கள்.

கூடம் சொந்தம் என்பதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். எங்கள் காலத்தில் கால்ஷீட் கணக்கு. மணி ஓட ஓட, பணம் போட்டவர் முகம் சுருங்கும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு புதிதாக எதையும் முயன்று பார்க்க முடியாது. இவர்களுக்கு அந்தக் கடிகாரம் இல்லை. உங்களுக்கும் இல்லை, உங்கள் அறை உங்களுடையதுதான். அந்தப் பாக்கியம் கையில் இருக்கும்போது, அதில் இன்னும் மூன்று பேரை உட்காரவைக்க ஏன் யோசிக்கிறீர்கள்?

சரி, பாட்டுக்கு வருகிறேன். கரு ஸ்டூவர்ட்டின் வீட்டிலிருந்து வந்தது. கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. காதலிக்கிறேன் என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்வதே இல்லையே என்று மனைவி கேட்டிருக்கிறார். தினமும் சொன்னால் அந்தச் சொல் தேய்ந்துவிடும் என்பது இவர் எண்ணம். ஆனால் கேள்வி மனசில் தைத்துவிட்டது. அந்தச் சொல்லைச் சொல்லாமலே அதைச் சொல்ல வழி உண்டா? 'நான் காதலிக்கவில்லை' என்று தலைப்பு வைத்தார். உன் படம் என் சுவரில் இருப்பதற்கு வேறு காரணம் உண்டு என்கிற மாதிரி சாக்குகளை அடுக்கிக்கொண்டே போகிறான் அந்தப் பாட்டில் வருகிறவன். ஒவ்வொரு சாக்கிலும் அவன் மாட்டிக்கொள்கிறான். திட்டுவது போலத் துதிக்கும் நிந்தாஸ்துதி நமக்குப் புதிதல்ல. மறுப்பது போல ஒப்புக்கொள்ளும் இதுவும் அதற்கு உறவுதான்.

ஸ்டூவர்ட் கோல்ட்மனோடு உட்கார்ந்தார். இரண்டு கிட்டார். சில நாட்களில் பாட்டு முடிந்தது. அப்போது அதன் நடை போஸா நோவா, பிரேசில் நாட்டின் அந்த மெல்லிய தாள நடை. நால்வரும் சேர்ந்து வாசித்துப் பதிவும் செய்தார்கள். கேட்டுப் பார்த்தார்கள். காட்லிக்கு அறவே பிடிக்கவில்லை, அதை ஒளிக்கவும் இல்லை. மற்றவர்களுக்கும் பெரிய உற்சாகம் இல்லை. பாட்டைக் கைவிட்டார்கள். ஓரமாக எடுத்துவைக்கவில்லை, அந்த டேப்பையே அழித்துவிட்டார்கள்.

எழுதியவருக்கு எப்படி இருந்திருக்கும்? வீட்டுக்குள்ளிருந்து எடுத்துவந்த பாட்டு. நண்பன் ஒருவன் முகத்துக்கு நேராக வேண்டாம் என்கிறான். நம்மில் எத்தனை பேர் அடுத்த நாள் அதே கூடத்துக்கு அதே ஆளோடு வேலை செய்யப் போயிருப்போம்? ஸ்டூவர்ட் போனார். போனதால்தான் ஒன்றைக் கவனித்தார். கூடத்தில் வேலை செய்கிறவர்கள் அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார்கள். இசைக்கலைஞர்கள் தள்ளிவிட்ட மெட்டு, அலுவலக வேலைக்காரர்கள் வாயில் உயிரோடு இருந்தது. அதை மறுபடி நால்வர் முன்னாலும் வைத்தார்.

இந்த இடத்தில்தான் காட்லியை எனக்கு மிகவும் பிடிக்கும். 'எனக்கு அன்றே பிடிக்கவில்லை' என்று அவர் கையைக் கட்டிக்கொள்ளவில்லை. செய்வதானால் வாத்தியங்களை நம்பிச் செய்யாதே, முழுக்கக் குரலாலேயே செய் என்றார். குரலால் ஒரு மதில். பிடிக்கவில்லை என்றவரிடமிருந்தே, எப்படிச் செய்தால் பிடிக்கும் என்பதும் வந்தது. ஆனால் அத்தனை குரலுக்கு எங்கே போவது? பெரிய பாடற்குழுவைக் கூலிக்கு வைக்க வழியில்லை. கிரீம் ஒரு வழி சொன்னார்: டேப் லூப்.

உங்களுக்கு லூப் என்றால் திரையில் ஒரு கட்டம். அன்று அது கையில் பிடிக்கிற பொருள். பதிவான டேப்பை பிளேடால் வெட்டி, முதல் நுனியையும் கடைசி நுனியையும் ஒட்டினால் ஒரு வளையம். அதை மெஷினில் மாட்டினால் சுற்றிச் சுற்றி ஒரே ஒலி நிற்காமல் வரும். ஒட்டிய இடம் மெஷினின் வாசிப்புத் தலையைக் கடக்கும்போது சின்னதாக ஓர் இடறல் கேட்கும். நான் நூற்றுக்கணக்கான ஒட்டுப் போட்டிருக்கிறேன். சாய்வாக வெட்டினால் இடறல் குறையும், ஒரேயடியாகப் போகாது. வளையம் நீளமாக இருந்தால் இடறல் அடிக்கடி வராது. அதனால் இவர்கள் சுமார் 12 அடி நீள வளையம் செய்தார்கள். மெஷினில் அத்தனை நீளம் நிற்காதே. மெஷினுக்கு வெளியே ஒரு மைக் ஸ்டாண்டை நிறுத்தி, அதன் தலையில் சின்ன உருளை பொருத்தி, டேப்பை அதைச் சுற்றி ஓடவிட்டார்கள்.

அந்த வளையத்துக்குள் என்ன இருந்தது? கோல்ட்மன், காட்லி, கிரீம் மூவரும் மைக் முன்னால் நின்று ஒரே ஸ்வரத்தில் 'ஆ...' என்று பாடுவார்கள். ஸ்டூவர்ட் மேஜையில். 16 ட்ராக் மெஷின். ஒரு ஸ்வரத்தை 16 முறை பாடி 16 ட்ராக்கையும் நிரப்பினால் 48 குரல். அவற்றைக் கலந்து ஒரு வளையம். பிறகு அடுத்த ஸ்வரம். நம் கணக்கில் சொன்னால் 12 ஸ்வரஸ்தானமும் மேல் ஷட்ஜமும், ஆக 13. பெருக்கிப் பாருங்கள்: 208 முறை நின்று பாடியிருக்கிறார்கள், 624 குரல் சேர்ந்திருக்கிறது. ஏறக்குறைய மூன்று வாரம் இதே வேலை. மூச்சுப் பிடித்து 'ஆ...'. மறுபடி 'ஆ...'. அந்தப் பாட்டு பிடிக்கவில்லை என்றவரும் அந்த வரிசையில் நின்று பாடிக்கொண்டிருந்தார். பாட்டு தன்னுடையது அல்ல, பாட்டாசிரியராகத் தன் பெயர் வரப்போவதும் இல்லை என்று தெரிந்தே பாடினார்.

அடுத்தது எனக்குப் பிடித்த கட்டம். ஒவ்வொரு ஸ்வரத்தின் வளையத்தையும் பாட்டு நீளத்துக்கு ஓடவிட்டு, தனித்தனி ட்ராக்கில் ஏற்றினார்கள். இப்போது மிக்ஸர் மேஜையில் ஒவ்வொரு ஃபேடருக்கும் கீழே 48 பேர் ஒரு ஸ்வரத்தைப் பாடிக்கொண்டே இருக்கிறார்கள். மேஜையே ஒரு ஹார்மோனியம். எந்த ஃபேடரை ஏற்றுகிறாயோ அந்த ஸ்வரம் எழும். நால்வரும் மேஜை முன் நின்று, கார்டு மாற மாறத் தத்தம் ஃபேடர்களைத் தள்ளியும் இழுத்தும் பாட்டை 'வாசித்தார்கள்'. ஒரு கை பிந்தினால் எல்லோருக்கும் மறுபடி முதலிலிருந்து. ஃபேடர்களின் அடியில் குறுக்காக ஒரு டேப் பட்டை ஒட்டியிருந்தார்கள், எதுவும் முழுக்க இறங்கிவிடக் கூடாதென்று. அதனால் தேவையில்லாத ஸ்வரங்களும் மிக மெல்லிதாகக் கசிந்துகொண்டே இருக்கும். அந்தப் பாட்டில் ஒரு மூட்டம் கேட்கிறதல்லவா, அதில் பாதி அந்தக் கசிவு.

இதற்கு அடியில் வாத்தியம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்டூவர்ட்டின் ரோட்ஸ் எலக்ட்ரிக் பியானோ, கோல்ட்மனின் மெல்லிய கிட்டார், மூக் சிந்தசைசரில் காட்லி வைத்த, இதயத்துடிப்பு போன்ற ஒரு தட்டல். டிரம்ஸ்காரர் தன் டிரம்ஸை வாசிக்கவே இல்லை! ஒரு குழுவின் பண்பாடு என்று நான் எதையாவது காட்டவேண்டுமானால் இதைத்தான் காட்டுவேன். நடுவில் குரல்கள் மட்டும் மிதக்கிற இடத்தில் கோல்ட்மனின் பேஸ் கிட்டார் தனியாகப் பேசும். கடைசியில் ஒரு பொம்மை இசைப்பெட்டி கிணுகிணுக்கும்.

அந்த நடுப்பகுதியில் இன்னும் ஏதோ வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த நேரம் கூடத்தின் வரவேற்பறைப் பெண் கதவை மெல்லத் திறந்து, பதிவு நடப்பதால் குரலைத் தாழ்த்தி, ஸ்டூவர்ட்டுக்குத் தொலைபேசி வந்திருக்கிறது என்று சொன்னார். கிரீம் நிமிர்ந்தார். இதுதான், இந்தக் குரல்தான் என்றார். அந்தப் பெண்ணுக்குத் தயக்கம், நானா, பாட்டிலா? சமாதானப்படுத்தி மைக் முன்னால் உட்காரவைத்து, ஒரு குழந்தையைத் தேற்றுவது போன்ற சில சொற்களைக் கிசுகிசுக்கச் சொன்னார்கள். உலகம் முழுக்க அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் மறக்காமல் வைத்திருப்பது அந்தக் கிசுகிசுப்பைத்தான். தனியறைப் பாட்டுக்குள் இப்படி யாராவது கதவைத் திறந்து வர முடியுமா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

நீங்கள் சொல்லப்போவது தெரியும். இன்று ஒரு விரல் வைத்தால் மடிக்கணினியில் ஆயிரம் குரல் பாடும், இதற்குப் போய் மூன்று வாரமா? நானும் அந்த வசதியைக் குறை சொல்லவில்லை. ஆனால் காது வைத்துக் கேளுங்கள். மூன்று மனிதர்கள் 16 முறை ஒரே ஸ்வரத்தைப் பாடினால், 16 முறையும் அது ஒரே இடத்தில் நிற்காது. ஒரு தடவை ஒரு மயிரிழை மேலே, ஒரு தடவை கீழே; ஒருவர் மூச்சு முன்னால் முடியும், இன்னொருவருடையது பின்னால். அந்தச் சின்னச் சின்ன விலகல்கள் ஒன்றோடொன்று உரசும்போதுதான் ஒலி அலை அலையாக மினுங்குகிறது. கோவில் பஜனையில் ஐம்பது பேர் சேர்ந்து பாடும்போது மேனி சிலிர்ப்பதும் இதே காரணத்தால்தான்.

முதலில் பிடிக்காத பாட்டு குழுவுக்குள்ளேயே வேறு உருவம் எடுத்தது இங்கே மட்டுமல்ல. ஃப்ளீட்வுட் மேக் குழுவின் 'ட்ரீம்ஸ்' பாட்டை ஸ்டீவி நிக்ஸ் கலிபோர்னியாவில் ஒலிப்பதிவின் நடுவே, பத்து நிமிடம் போல உட்கார்ந்து எழுதினார். அதே குழுவின் கிறிஸ்டின் மெக்வீக்கு அதை முதலில் கேட்டபோது அலுப்பாகத்தான் இருந்தது. மூன்றே கார்டுதானே என்று. அதே கார்டுகளை வைத்துக்கொண்டே குழுவின் இன்னோர் உறுப்பினரான லின்ட்சி பக்கிங்ஹாம் பாட்டைப் பகுதி பகுதியாக வேறு வேறு நிறம் கொடுத்து அடுக்கினார். நிக்ஸும் பக்கிங்ஹாமும் அப்போதுதான் காதல் முறிந்து பிரிந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பிரிவைப் பற்றிய பாட்டு அது. 1977இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

டென் சிசியின் பாட்டு ஆறு நிமிடம். வானொலிக்கு அதிகம் என்று தயங்கி, ஆல்பத்திலிருந்து முதலில் வேறு பாட்டைத்தான் தனித்தட்டாக விட்டார்கள். இது பின்னால்தான் வந்தது. 1975 ஜூன் கடைசியில் பிரிட்டனில் முதலிடம் ஏறி இரண்டு வாரம் நின்றது. அமெரிக்காவில் மூன்று வாரம் இரண்டாம் இடம்.

மறு வருடமே குழு உடைந்தது. இதை மறைத்து நான் உங்களுக்கு இனிப்பு மட்டும் கொடுக்க விரும்பவில்லை. கிட்டாரில் பொருத்தும் கிஸ்மோ என்ற புதுக் கருவி ஒன்றில் மூழ்கியிருந்த காட்லியும் கிரீமும் 1976இல் விலகினார்கள். டென் சிசி என்ற பெயரில் மற்ற இருவரும் தொடர்ந்தார்கள். சேர்ந்து வேலை செய்தால் ஆயுசுக்கும் சேர்ந்திருப்போம் என்று நான் சொல்ல வரவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பாட்டின் ஆசிரியர்கள் என்று பதிவாகியிருப்பது ஸ்டூவர்ட், கோல்ட்மன் என்ற இரண்டு பெயர்தான். மெட்டும் வரியும் அவர்களுடையவை, சரி. ஆனால் கேட்டவுடன் இன்ன பாட்டு என்று அடையாளம் காட்டுகிற அந்த ஒலி காட்லியின் யோசனை, கிரீமின் வழி. நீங்கள் சேர்ந்து உட்காரும் முதல் நாளே யாருக்கு எவ்வளவு என்று பேசி, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். கூச்சப்படாதீர்கள். பாட்டு ஓடிய பிறகு பேசினால் நட்பு போய்விடும், நான் பார்த்திருக்கிறேன்.

என் கதை ஒன்றும் சொல்லவேண்டும். அந்தச் சின்னக் கூடத்தில் நாங்கள் நண்பர்கள் சேர்ந்து சொந்தக் காசில் ஒரு பாட்டு செய்தோம். மெட்டு நான் போட்டது. தபலா வாசிக்க வந்த அண்ணன் எங்கள் எல்லோரையும்விட மூத்தவர். இரண்டாம் டேக் முடிந்ததும், 'தம்பி, சரணத்துல பாட்டு ஓடுதுப்பா, நடக்க விடு' என்றார். எனக்குச் சுருக்கென்றது. 'அண்ணே, நீங்க வாசிங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்' என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. நான் கேட்டபடியே வாசித்தார், பைசா சுத்தமாக வாசித்தார். தபலாவை உறைக்குள் போட்டுக்கொண்டு, பேட்டாவை வாங்கிக்கொண்டு, பஸ் பிடிக்கப் போய்விட்டார். பாட்டு வெளியே வந்தது. யாரும் கேட்கவில்லை.

காட்லியின் கதையைப் படித்த அன்று எனக்கு அந்த அண்ணன் ஞாபகம்தான் வந்தது. நடக்க விடு என்றாரே, எப்படி என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வாசித்தே காட்டியிருப்பார். தபலா அவர் மடியில்தானே இருந்தது. இப்போது கேட்க அவர் இல்லை.

எங்களுடைய அந்தப் பாட்டின் ஸ்பூல் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. ஸ்டாக்போர்ட்காரர்கள் தங்களுடைய முதல் பதிவை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினார்கள். நான் அழிக்காமல் முப்பது வருடத்துக்கு மேலாகப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதை உங்களுக்குக் கொடுத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு முன்னறை சும்மாத்தான் கிடக்கிறது. ஐந்தாறு பேர் தாராளமாக உட்காரலாம், ஒரு பழைய ஹார்மோனியமும் உண்டு. ஆளுக்கொரு அரைகுறைப் பாட்டோடு வாருங்கள். என் சரணத்தையும் யாராவது எடுத்து, அந்த அண்ணன் சொன்ன மாதிரி நடக்கவிட்டுப் பாருங்கள். எனக்குப் பிடிக்காவிட்டாலும் நான் உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
ஒரு பழைய டேப் உதவியாளன்